பேர் போடாத பாடல்கள்: மலையகத்து பேஸ் கிட்டார் கலைஞர் ஒருவரை நினைவுகூர்ந்த முயற்சி குறித்த நிகழ்வு ஆய்வு

எதற்காக இந்தப் பதிவு

இலங்கையின் மலையகத்தில் அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கொழும்பு ஒலிப்பதிவுக் கூடங்களில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பேஸ் கிட்டார் வாசித்து, தமிழிலும் சிங்களத்திலும் புகழ்பெற்ற பல பாடகர்களுக்குப் பின்னால் நின்ற கலைஞர் ஒருவர் காலமானபின், அவரை முறையாக நினைவுகூர வேண்டும் என்று நாங்கள் நால்வர் எடுத்த முயற்சியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இங்கே எழுதுகிறேன். நால்வரில் நான் தோட்டப் பாடசாலையில் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஒருவர் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டும் ரேடியோ செட் உரிமையாளர், ஒருவர் பல்கலைக்கழக மாணவி, நான்காமவர் கலைஞரின் அக்காள் மகன். முயற்சி ஒரு பெரிய தவறோடு தொடங்கியது. அந்தத் தவறைச் செய்தவன் நான் என்பதால் எழுதும் பொறுப்பும் என்னையே சேர்கிறது.

கலைஞரின் பெயரையும், அவர் வாசித்த பாடல்களின் பெயர்களையும், பாடியவர்களின் பெயர்களையும் இங்கே குறிப்பிடவில்லை. இரண்டு ஒலிப்பதிவு நிறுவனங்களோடு நடக்கும் பேச்சு முடியாத நிலையில் அவை வெளிவருவதைக் குடும்பத்தார் விரும்பவில்லை. ஒருவருடைய பெயருக்காக நடந்த முயற்சியைப் பெயரில்லாமல் எழுதுவது எனக்கு வேதனை தந்தாலும், அவர்களுடைய வேண்டுகோளுக்கே முதலிடம் தந்தேன்.

பின்னணி

அவர் 1950களின் தொடக்கத்தில் லயக் காம்பிரா ஒன்றில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஓர் அறையில், பிறந்தார். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து வேலை செய்தார். மாசி மாதம் வந்துவிட்டால் காமன் கூத்துக்குத் தப்பு அடிப்பவர்களில் அவரே முன்னால் நிற்பாராம். மகனுக்குப் பதினான்கு வயதானபோது, அந்தக் காலத்துத் தோட்டத்துப் பையன்கள் பலரையும் போலவே, கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். கொட்டாஞ்சேனையில் அவர் தங்கியிருந்த வீட்டுக்கு அருகில் ஓர் இசைக்குழு பயிற்சி செய்துவந்தது. முதலில் அதன் பெட்டிகளைச் சுமந்தார். பிறகு, யாரும் இல்லாத நேரங்களில் சாதாரண ஆறு நரம்புக் கிட்டாரின் தாழ்ந்த நான்கு நரம்புகளில் விரல் பழகினார். பேஸ் கிட்டாரின் நான்கு நரம்புகளும் அதே நான்கு சுரங்களை ஒரு ஸ்தாயி கீழே தருபவை என்பதால், அந்தப் பழக்கம் அவருக்கு வீண்போகவில்லை. குழுவின் பேஸ் வாசிப்பவர் ஒரு திருமண நிகழ்ச்சிக்கு வராமற்போன இரவில் அவர் அந்த இடத்தில் நின்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஒலிப்பதிவுக் கூடங்கள் அவரைத் தேடத் தொடங்கின.

1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய நரம்புகள் கிடைப்பது அரிது என்பதால், ஓசை மங்கிப்போன நரம்புகளைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மறுபடி பூட்டுவாராம். சட்டியில் நரம்பு கொதிப்பதைப் பார்த்து, தம்பி பட்டணத்தில் எதைத்தான் சமைத்துச் சாப்பிடுகிறானோ என்று அம்மா கவலைப்பட்டதை அவருடைய அக்காள் இன்றும் சொல்கிறார்.

அவருடைய வாழ்க்கையில் குடியுரிமைப் பிரச்சினை வகித்த இடத்தைச் சொல்லாமல் பின்னால் நடந்த குழப்பங்களை விளக்க முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் வகுத்தது. அவருடைய குடும்பத்தின் விண்ணப்பம் பல ஆண்டுகள் முடிவின்றிக் கிடந்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவருக்குக் கையில் தாள் கிடைத்தது. அதுவரை கடவுச்சீட்டு இல்லை. எண்பதுகளில் அவர் வாசித்த குழுக்கள் வெளிநாடுகளுக்கு நிகழ்ச்சி நடத்தச் சென்றபோதெல்லாம் வேறொருவர் அவருடைய இடத்தில் சென்றார். ஆகவே கசட்டில் கேட்பது அவருடைய வாசிப்பு, புகைப்படத்தில் நிற்பது இன்னொருவர் என்ற நிலை உருவானது.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் வெடித்தபோது அவர் உடுத்த உடையோடு அட்டனுக்கு வந்து சேர்ந்தார். கிட்டாரைச் சிங்கள நண்பர் ஒருவர் தன் வீட்டில் பல மாதங்கள் ஒளித்துவைத்திருந்து, நிலைமை ஓரளவு தணிந்ததும் ரயிலில் தானே கொண்டுவந்து ஒப்படைத்தார். அந்த நண்பர் ஒரு டிரம்ஸ் கலைஞர். இந்தப் பதிவின் பிற்பகுதியில் அவர் மறுபடியும் வருவார்.

தொண்ணூறுகளில் மின்விசைப் பலகையிலேயே (கீபோர்ட்) பேஸ் பகுதியை வாசித்துவிடும் வழக்கம் பரவியபோது அழைப்புகள் குறைந்தன. சில ஆண்டுகளில் அவர் தோட்டத்துக்கே திரும்பிவிட்டார். சர்க்கரை வியாதி விரல்களின் உணர்வைக் குறைத்தது. திரும்பி வந்த பின்னர் அவர் பொது மேடையில் வாசித்ததாக யாரும் சொல்லவில்லை.

பேஸ் கிட்டார் ஏன் காதுக்குத் தப்புகிறது

மிகத் தாழ்ந்த நரம்பு வினாடிக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. மேல் நரம்பு 98 தடவை. நம் வீடுகளில் இருந்த கைக்கடக்கமான வானொலிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கியால் இவ்வளவு தாழ்ந்த அதிர்வுகளைச் சரியாக வெளியிட முடியாது. அவற்றின் மேற்சுரங்களையே தரும், அடிச்சுரத்தை நம் மூளை ஊகித்துக்கொள்ளும். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் தெரியும், அவர்களுடைய பொப் பாடல்களின் வரிகள் இன்றும் வாயில் வரும். ஆனால் எந்தப் பாடலிலும் பேஸ் வாசித்தவர் யார் என்ற கேள்வி எங்களில் எவருக்கும் எழுந்ததில்லை. பைலா என்ற இலங்கை ஆடற்பாட்டின் ஆறெட்டுத் தாளத்தில் ஆடுகிற கால்கள் பேஸ் கிட்டாரையே பின்தொடர்கின்றன என்பதை அறுபது வயதுக்குப் பிறகே நான் கற்றுக்கொண்டேன்.

இந்த நிலை இலங்கைக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற வெற்றிப் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரும் பல ஆண்டுகள் இசைத்தட்டு உறைகளில் இடம்பெறவில்லை. 1971இல் மார்வின் கே வெளியிட்ட இசைத்தட்டில்தான் அது முறையாக அச்சிடப்பட்டது. அவர் 1983இல் காலமானார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 2000இல், ராக் இசைக்கான கௌரவ மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவருக்காவது ஒலிநாடாக்களும் சக கலைஞர்களும் ஒரு நகரத்தில் இருந்தன. நம்முடைய கலைஞருக்கு இருந்தவை பூஞ்சை படிந்த கசட்டுகளும் ஒரு தகரப் பெட்டியும்.

முதல் தவறு

அவர் இறந்தபோது கருமாதிக்கு முன்னரே அஞ்சலிப் பதாகை அச்சிட வேண்டும் என்று தோட்டத்து இளைஞர்கள் என்னிடம் வாசகம் கேட்டார்கள். அவர் எந்தெந்தப் பாடகர்களோடு வாசித்தார், எந்தெந்தப் பாடல்களில் வாசித்தார் என்று அவரவர் நினைவில் இருந்ததைச் சொல்ல, நான் ஒரே மாலையில் தொகுத்து எழுதிக் கொடுத்தேன். அதில் இலங்கையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பைலாப் பாடலும் இருந்தது. பதாகை சந்தியில் கட்டப்பட்டது. யாரோ படம் எடுத்துப் பரப்பினார்கள்.

மூன்றாம் நாள் பண்டாரவளையிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். குரலில் கோபம் இல்லை. “சேர், அந்தப் பாட்டுக்கு வாசிச்சது எங்க அப்பா. அவருக்கும் எங்கயும் பேர் போடல. இப்ப நீங்க அதை இன்னொருத்தருக்குப் போட்டுட்டீங்க” என்றார். அவருடைய தந்தையும் கொழும்பில் நாட்கூலிக்கு வாசித்த கலைஞர், அவரும் இறந்துவிட்டார். மகளிடம் அந்த ஒலிப்பதிவுக்கான பணம் பெற்ற துண்டுச்சீட்டு இருந்தது. ஒரு மனிதரைக் கௌரவிக்கும் அவசரத்தில் இன்னொரு மனிதருக்கு எஞ்சியிருந்த ஒரே பாடலையும் நான் பறித்துவிட்டிருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் பதாகையை இறக்கினோம். அந்த வரியை மட்டும் வெள்ளைத் தாளால் மறைத்துவிடலாம் என்று சிலர் சொன்னதை நான் ஏற்கவில்லை. மற்ற வரிகள் சரியானவை என்பதற்கும் எங்களிடம் சான்று இல்லையே. அந்தக் குடும்பத்திடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். திரும்பி வரும் பஸ்ஸில்தான், சான்றோடு கூடிய பாடற்பட்டியல் ஒன்றைத் தயாரிப்பதே உண்மையான அஞ்சலி என்ற முடிவுக்கு நால்வரும் வந்தோம். அதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று எவருக்கும் தெரியாது. ஆண்டு நினைவு நாளுக்கு முன் எதையும் அச்சிடுவதில்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டோம்.

தகரப் பெட்டியில் கிடைத்தவை

கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியில் கசட்டுகள், இரண்டு சீ.ஆர். கொப்பிகள் (தடித்த அட்டையிட்ட குறிப்பேடுகள்), ஒரு சுருதிக் குழல், துணியில் சுற்றிய பழைய நரம்புகள் இருந்தன. கொப்பிகளில் ஒவ்வொரு வரியிலும் திகதி, ஒலிப்பதிவுக் கூடத்தின் முதலெழுத்து, பாடலின் முதல் இரண்டு சொற்கள், 1 அல்லது ½ என்ற குறி, கடைசியில் ஒரு தொகை என்ற ஒழுங்கு இருந்தது. சிங்களப் பாடல்களின் சொற்களையும் அவர் தமிழ் எழுத்திலேயே எழுதியிருந்தார்.

½ என்ற குறி எங்களைப் பல வாரங்கள் வழிதவறச் செய்தது. பாடலின் பாதியை மட்டும் அவர் வாசித்திருக்க வேண்டும் என்று மாணவி கருதினார். பாதிச் சம்பளமே கிடைத்திருக்கும் என்பது என் ஊகம், ஆனால் தொகைகள் அதற்குப் பொருந்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைஞரின் அக்காளுக்கு நாங்கள் வரிகளை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, அவர் சிரித்துவிட்டார். “அது பேரு, புள்ள. முழு நாளும் வச்சிக்கிட்டா ஒன்னு. மத்தியானத்தோட அனுப்பிட்டா அரை. எங்கம்மாவுக்குக் கணக்கப்புள்ள போடுறாப்போலயே எழுதி வச்சிருக்கான் பாரு” என்றார். கணக்கப்பிள்ளை என்பவர் தோட்டத்தில் தொழிலாளரின் வேலையைக் கணக்கெழுதுபவர்.

தோட்டத்தைப் பற்றி அறியாத வாசகருக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலையும் அதற்குரிய கூலியும் ஆகும். சொன்ன நிறைக்குக் கொழுந்து பறித்தால் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் முழுப்பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். பேர் போட்டாச்சா என்று கேட்பது கூலி உறுதியாயிற்றா என்று கேட்பதே. அவருடைய அம்மாவின் உழைப்பு, எவ்வளவு குறைத்து மதிக்கப்பட்டிருந்தாலும், நாள்தோறும் ஒரு புத்தகத்தில் பெயரோடு எழுதப்பட்டது. அந்தப் பதிவை வைத்துத்தான் ஊழியர் சேமலாப நிதியும் கணக்கிடப்பட்டது. மகன் வேலை செய்த கூடங்களில் அப்படி எதுவும் இல்லை. கையில் பணம் தருவார்கள், அத்தோடு முடிந்தது. தனக்குப் பேர் போட யாரும் இல்லாததால் அவரே தனக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்திருக்கிறார். இதை உணர்ந்தபோது மாணவி கொப்பியை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றார். நானும் சிறிது நேரம் பேசவில்லை.

குறியின் பொருள் தெரிந்ததும் கொப்பியின் பயனும் மாறியது. அரைப்பேர் நாட்களில் பெரும்பாலும் ஒரு பாடலே பதிவாகியிருந்தது. முழுப்பேர் நாட்களில் இரண்டோ மூன்றோ. ஆகவே முழுப்பேருக்கு எதிரே ஒரு பாடல் மட்டும் எழுதப்பட்டிருந்தால், எழுதாமல் விடப்பட்ட பாடல்களும் அன்று இருந்திருக்கக்கூடும் என்று கொண்டு, அதே காலத்தில் அதே பாடகர் வெளியிட்ட கசட்டுகளைத் தேடினோம். பட்டியலின் ஒரு பகுதி இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

கசட்டுகளைக் கையாண்ட விதத்தில் நாங்கள் தவறினோம். 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், பனியும் மழையும் மாறிமாறி வரும் லயத்து அறையில் பல ஆண்டுகள் கிடந்த நாடாக்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. ஆர்வ மிகுதியில் ஒன்றை அப்படியே போட்டுக் கேட்டபோது நாடா சிக்கி அறுந்தது. அதில் குழுப் பயிற்சி ஒன்று பதிவாகியிருந்ததை முதல் அரை நிமிடத்தில் கேட்டோம். எஞ்சியதை இனி யாரும் கேட்க முடியாது. அதன்பிறகு மற்றவற்றை ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் உலரவிட்டு, சுத்தம் செய்யத் தெரிந்தவர் ஒருவரைக் கண்டியில் தேடிப் பிடித்துக் கொடுத்தோம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பட்டியலை மூன்று நிலைகளாகப் பிரித்தோம். கொப்பியில் பதிவும் இருந்து, அவரோடு வாசித்த இருவர் காதால் கேட்டு ஒப்புக்கொண்டால் அது உறுதி. இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் சாத்தியம். நினைவு மட்டுமே இருந்தால் செவிவழிச் செய்தி. மூன்றாம் நிலையில் உள்ளவற்றை வெளியே காட்டுவதில்லை என்று தீர்மானித்தோம். அக்காள் மகனுக்கு இது வருத்தம் தந்தது. மாமாவே தன் வாயால் சொன்ன பாடல்கள் அந்த மூன்றாம் பகுதியில் கிடந்தன. பண்டாரவளையிலிருந்து வந்த அழைப்பை நினைவூட்டுவதைத் தவிர அவருக்குச் சொல்ல என்னிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

காதால் கேட்கும் சோதனைக்கு, 1983இல் கிட்டாரைக் காத்துக் கொடுத்த டிரம்ஸ் கலைஞரும், கீபோர்ட் வாசித்த இன்னொருவரும் சம்மதித்தார்கள். அவர்களை வெவ்வேறு நாட்களில் அழைத்தோம். எந்தப் பாடலில் அவர் வாசித்ததாக நாங்கள் கருதுகிறோம் என்று சொல்லவில்லை. பிறர் வாசித்தவை என்று நிச்சயமாகத் தெரிந்த பாடல்களையும் இடையில் கலந்து போட்டோம். பழைய கசட்டிலிருந்து நேரடியாகவே ஒலிக்கச் செய்தோம். பின்னாளில் வெளியான சில மறுவெளியீடுகளில் பேஸ் பகுதி மின்விசைப் பலகையால் மாற்றி வாசிக்கப்பட்டிருப்பதை டிரம்ஸ் கலைஞர்தான் முதலில் சுட்டிக்காட்டினார். அது தெரியாமல் மறுவெளியீட்டைக் கேட்டு முடிவு செய்திருந்தால் இன்னொரு தவறு நேர்ந்திருக்கும்.

அவரை இனங்காண இருவரும் தனித்தனியே ஒரே அடையாளத்தைச் சொன்னார்கள். அடுத்த சுரத்துக்குப் போகுமுன் முந்தைய சுரத்தை இடக்கையால் அமர்த்தி, மிகச் சிறிய ஒரு மௌனத்தை விடுவாராம். பைலாத் தாளத்தில் அந்த மௌனம் எப்போதும் ஒரே இடத்தில் விழும். “அந்த ஓட்டையிலதான் நான் அடிய வைப்பேன். அவன் ஓட்டை விடாட்டி எனக்கு இடமில்ல” என்று டிரம்ஸ் கலைஞர் தன் தமிழில் விளக்கினார். காமன் கூத்துத் தப்பில் அடிக்கும் அடிக்கும் நடுவில் வருகிற நிறுத்தத்தை மகன் அப்பாவிடமிருந்து பெற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் ஊகம் என்பதால் பட்டியலிலும் அவர் வாழ்க்கைக் குறிப்பிலும் அதைச் சேர்க்கவில்லை.

பாடல்களை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று இளைஞர்கள் வலியுறுத்தினார்கள். ஒலிப்பதிவுகளின் உரிமை பிறருக்கு உரியது; 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் பாடலாக்கியவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள் ஆகியோரோடு வாசித்த கலைஞர்களின் உரிமையையும் அங்கீகரிக்கிறது. கலைஞரின் உரிமை மதிக்கப்படவில்லை என்று வாதாடுகிற நாங்கள் இன்னொருவரின் உரிமையைப் புறக்கணிப்பது பொருந்தாது என்று சொல்லி அந்த யோசனையைக் கைவிட்டோம். பதிலாக நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினோம். கேட்டது இரண்டு விடயங்கள்: நினைவு நிகழ்வில் சில பாடல்களை ஒலிக்க அனுமதி, இனி மறுவெளியீடு செய்யும்போது வாத்தியக் கலைஞர்களின் பெயரைச் சேர்த்தல்.

மிகக் கடினமான முடிவு பணத்தைப் பற்றியது. நினைவுக்கல் நாட்டுவதற்கென்று ஊரிலும் வெளிநாட்டிலும் இருந்தவர்கள் பணம் அனுப்பியிருந்தார்கள். அந்த மாதங்களில் பெய்த மழையில் கலைஞரின் மனைவி இருந்த காம்பிராவின் தகரம் பல இடங்களில் ஒழுகியது. அவர் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. கொப்பிகளைப் பார்க்கச் சென்றபோது, பெட்டியை நனையாத மூலைக்கு அவர் இழுத்துவைத்துவிட்டு ஒழுகும் பக்கத்தில் தன் பாயை விரித்திருப்பதை நாங்களே கண்டோம். கல்லுக்காகத் தந்த பணத்தைக் கூரைக்குச் செலவிட எங்களுக்கு அதிகாரம் இல்லை என்பதால், தந்தவர்கள் ஒவ்வொருவரையும் கேட்டோம். பெரும்பாலோர் உடனே சம்மதித்தார்கள். இருவர் கல் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டார்கள், திருப்பிக் கொடுத்தோம். கூரை மாற்றப்பட்டது. கல் இன்றுவரை நாட்டப்படவில்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

கிட்டாரை ஒரு காட்சிக்கூடத்துக்குக் கொடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. மனைவி வேண்டாம் என்றார். அந்த வாத்தியம் அடகுக்குப் போய்ப் போய் மீண்டு வந்தது என்றும், இனி அது இந்த வீட்டை விட்டுப் போகக்கூடாது என்றும் அவர் சொன்னபோது நாங்கள் மறுபேச்சுப் பேசவில்லை.

பின் நடந்தவை

ஆண்டு நினைவு நாளில், 38 பாடல்கள் உறுதி என்ற நிலையில் பட்டியலை அச்சிட்டுத் தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் ஒட்டினோம். சாத்தியம் என்ற நிலையில் உள்ளவை தனித்தாளில், ஏன் அவை உறுதியாகவில்லை என்ற குறிப்போடு இருந்தன. பதாகையில் நான் எழுதிய பாடல்களில் ஏழு, இரண்டு தாள்களிலும் இடம்பெறவில்லை. அந்த ஏழையும் மண்டபத்தில் எல்லோர் முன்னிலையிலும் நானே வாசித்துச் சொன்னேன். முதலாவதாக, பண்டாரவளைக் கலைஞருக்கு உரிய பாடலைச் சொல்லி, அவருடைய மகளிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

ஒரு நிறுவனம் ஆறு பாடல்களை ஒலிக்க அனுமதி தந்திருந்தது. ரேடியோ செட் உரிமையாளர் ஒவ்வொரு பாடலையும் முதலில் பழைய சிறு வானொலிப் பெட்டி ஒன்றின் ஒலிபெருக்கி வழியாகவும், பிறகு திருவிழாவுக்குக் கட்டும் பெரிய பேஸ் பெட்டி வழியாகவும் போட்டார். முதல் பாடல் பெரிய பெட்டியில் தொடங்கியபோது மண்டபத்தின் பலகைச் சுவர் அதிர்ந்தது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். எத்தனையோ திருமண வீடுகளில் கேட்டு மனப்பாடமான பாடல்தான் அது. அதற்குள் இப்படி ஒருவர் நடந்துகொண்டிருக்கிறார் என்பதை அன்றுதான் அறிந்தோம். கலைஞரின் அக்காள் தன் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, பாடல் முடியும்வரை எடுக்கவில்லை. “இம்புட்டு நாளா பாட்டுக்காரியத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்” என்று பிறகு சொன்னார்.

புகழ்பெற்ற பாடகர்களில் மூவருக்கு எழுதியிருந்தோம். ஒருவர் கையெழுத்தில் நீண்ட கடிதம் அனுப்பி, நான்கு பாடல்களை உறுதிப்படுத்தியதோடு, எங்கள் பட்டியலில் இல்லாத ஐந்தாவது ஒன்றையும் குறிப்பிட்டார். இன்னொருவர் தனக்கு நினைவில்லை என்று தொலைபேசியில் நேர்மையாகச் சொன்னார். ஒரு நாளில் பலரோடு பாடியவருக்கு நினைவில்லாமற்போவது குற்றமன்று. மூன்றாமவர் பதில் எழுதவில்லை. நிறுவனங்களில் அனுமதி தந்த நிறுவனம், மறுவெளியீட்டில் பெயர் சேர்ப்பதற்குக் கொள்கையளவில் சம்மதித்து, கொப்பிப் பக்கங்களின் பிரதிகளைக் கேட்டிருக்கிறது. மற்றது, உரிமைகோரல் எழும் என்று அஞ்சுவதாகத் தெரிகிறது. குடும்பம் பணம் கோரவில்லை, பெயரை மட்டுமே கோருகிறது என்று எழுதிக் கொடுத்தும் பேச்சு நகரவில்லை. கோரினாலும் அது நியாயமே என்பது என் கருத்து.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, அவர் உயிரோடு இருந்தபோதே கேட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபின் பல ஆண்டுகள் அவர் என் வீட்டிலிருந்து இருபது நிமிட நடைத் தூரத்தில் இருந்தார். கோயில் திருவிழாவில் கண்டால் வணக்கம் சொல்வேன், சுகம் கேட்பேன். கட்டிலடியில் கொப்பி இருப்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. ½ என்ற குறியின் பொருளை அவரிடம் ஒரு வார்த்தையில் கேட்டிருக்கலாம்.

சிங்களக் கலைஞர்களை நாங்கள் மிகத் தாமதமாகவே நாடினோம். அவர் மலையகத்தவர், ஆகவே சான்றும் மலையகத்திலேயே கிடைக்கும் என்று முதல் ஐந்து மாதங்களை வீணாக்கினோம். அவருடைய தொழில்வாழ்க்கையின் பெரும்பகுதி கொழும்பிலும் சிங்களப் பாடல்களிலும் கழிந்தது. அதை அறிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். முதற் கடிதங்களைத் தமிழில் மட்டும் எழுதியதும் தவறு. இப்போது எல்லாக் கடிதங்களையும் இரு மொழிகளிலும் அனுப்புகிறோம்.

இறந்தவரின் சாதனைகளை அஞ்சலிப் பதாகையில் பட்டியலிடும் வழக்கத்தை எங்கள் பகுதியிலாவது நிறுத்தச் சொல்லிவருகிறேன். பிறந்த ஊர், செய்த தொழில், விட்டுச்சென்றவர்கள் ஆகியவை போதும். துக்க வீட்டில் யாரும் யாரையும் மறுத்துப் பேச மாட்டார்கள். அங்கே சேர்த்த செய்தி சோதிக்கப்படாமலே அச்சாகிவிடும். கசட்டைப் பொறுத்தவரை, பூஞ்சை கண்ணுக்குத் தெரிந்தால் எந்தக் காரணத்துக்காகவும் போட்டுப் பார்க்கக்கூடாது.

பெட்டிக்குள் இருந்த இரண்டு கொப்பிகளும் அவருடைய உழைப்பின் முழுக் கணக்கு அல்ல. எண்பதுகளின் நடுப்பகுதிக்குரிய கொப்பி 1983க்குப் பின் எங்கேயோ தவறிவிட்டது அல்லது எழுதப்படவே இல்லை. அந்தக் காலத்துப் பாடல்கள் சாத்தியம் என்ற தாளிலேயே நிற்கின்றன.

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரம்ஸ் கலைஞரிடம் சென்று, அவருடைய நினைவுகளைப் பதிவு செய்கிறோம். பண்டாரவளைக் கலைஞரின் மகளும் எங்களோடு வருகிறார். அவருடைய தந்தைக்குக் கொப்பி இல்லை, சில துண்டுச்சீட்டுகளே உண்டு. முதல் நாள் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, அந்த ஆண்டுகளில் ஒரே அறையில் நின்று வாசித்தவர்கள் யார் யார் என்பது. டிரம்ஸ் கலைஞர் விரல்விட்டு எண்ணிப் பன்னிரண்டு பெயர்களைச் சொன்னார். மகளின் தந்தை மூன்றாவதாக வந்தார். ஏழு பெயர்களை நாங்கள் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை. மாணவி அவற்றை ஒரு புதிய சீ.ஆர். கொப்பியில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஊர் எது, இருக்கிறாரா என்று கேட்டுக் குறித்தார். நால்வர் இருக்கிறார்கள்.